கழித்துக் கேட்பவர்

அலுவலகத்தில் அவரை எல்லோரும் அளவுக்காரர் என்றுதான் கூப்பிடுவார்கள். புதிதாகச் சேர்ந்த வரவேற்பாளர் ஒருவர் இதை நம்பி, தன் கால்சட்டையின் இடுப்பைப் பிடித்துத் தர முடியுமா என்று அவரிடம் போய்க் கேட்டுவிட்டார். அளவுக்காரர் கோபப்படவில்லை. "எவ்வளவு பிடிக்கணும்?" என்று விசாரித்தார். இரண்டு அங்குலம் என்று பதில் வந்தது. ஒன்று போதும் என்று ஆலோசனை சொல்லி அனுப்பிவிட்டு வேலையைப் பார்க்க உட்கார்ந்தார்.

அவருடைய வேலை, எந்தக் கம்பெனிக்கு எவ்வளவு பெரிய சர்வர், அதாவது எல்லோருடைய வேலையையும் ஒரே இடத்தில் தாங்குகிற பெரிய கம்ப்யூட்டர், வேண்டும் என்று சொல்வது. இதிலென்ன பெரிய வித்தை, ஒவ்வொரு சர்வருக்கும்தான் ரேட்டிங் என்று ஒரு எண் போட்டிருக்கிறார்களே, பெரிய எண்ணாகப் பார்த்து வாங்கிவிட்டுப் போகலாமே என்று நினைப்பவர்கள் நிறையப் பேர். அவர்களால்தான் அளவுக்காரர் வீட்டில் அடுப்பு எரிகிறது.

ரேட்டிங் என்பது சோதனைக்கூடத்தில், குளிரூட்டிய அறையில், அதற்கென்றே எழுதிய வேலையைக் கொடுத்து, சுற்றிலும் நாலு பேர் நின்று பார்த்துக்கொண்டிருக்கும்போது எடுத்த எண். விருந்தாளி வருகிற நாளில் நம் வீடு எப்படி இருக்குமோ அப்படிப்பட்டது. பொய் என்று சொல்லிவிட முடியாது, வீடு அதே வீடுதான். ஆனால் அந்த நிலையில் யாரும் அதில் குடித்தனம் பண்ண முடியாது.

ஒருமுறை பாலங்களுக்குக் கணக்குப் போடும் நிறுவனம் ஒன்று, இவரைக் கேட்காமலே எங்கோ பெரிய ரேட்டிங்கைப் பார்த்து வாயைப் பிளந்து ஒரு சர்வரை வாங்கிவிட்டது. அறுபத்து நான்கு கோர். ஒவ்வொரு கோரும் தனியாக வேலை செய்யக்கூடிய ஒரு ஆள் மாதிரி. அந்த ரேட்டிங் அறுபத்து நான்கு பேருடைய உழைப்பையும் கூட்டி எழுதியது. ஆனால் அவர்களுடைய கணக்கு முதல் வரியிலிருந்து கடைசி வரி வரைக்கும் ஒரே ஆள் போட வேண்டிய கணக்கு. அறுபத்து மூன்று பேர் கையைக் கட்டிக்கொண்டு வேடிக்கை பார்க்க, ஒருவன் மட்டும் மண் சுமந்தான். அந்த ஒருவனும் சோம்பேறி. பழைய மெஷினே தேவலை என்றாகிவிட்டது. நிறுவனத்தின் தலைவர் கையைப் பிசைந்துகொண்டு வந்து நின்றார்.

"இவ்வளவு பெரிய ரேட்டிங் இருக்கே, ஏன் இப்படி ஊருது?"

"கூட்டம் சேர்த்துட்டீங்க. உங்களுக்கு வேண்டியது ஒரே ஒரு ஓட்டக்காரன்" என்றார் அளவுக்காரர்.

அதனால் யார் வந்தாலும் அவர் கேட்கும் முதல் கேள்வி, என்ன வேலை என்பது. ஒரே கணக்கை மணிக்கணக்கில் போடுவதா? சின்னச் சின்ன வேலையோடு நூறு பேர் ஒரே சமயத்தில் கதவைத் தட்டுவதா? மாதக் கடைசியில் மட்டும் மலை மாதிரி அறிக்கை தயாரிப்பதா? ஒன்றில் கொடி கட்டிப் பறக்கிற மெஷின் இன்னொன்றில் மண்ணைக் கவ்வும். எந்தச் சோதனையில் எடுத்த ரேட்டிங் என்று பார்க்காமல் எண்ணை மட்டும் பார்ப்பது, சமையல்காரருக்கு ஓட்டப்பந்தயம் வைத்து வேலைக்கு எடுப்பது மாதிரி. இந்த விஷயத்தில் அவர் கெட்டிக்காரர். சும்மா சொல்லக் கூடாது.

இரண்டாவது கேள்வி, ஒரே நேரத்தில் எத்தனை பேர் வேலை செய்வார்கள் என்பது. இந்தக் கேள்விக்கு உலகத்தில் யாருமே உண்மையான பதில் சொல்வதில்லை என்ற முடிவுக்கு அவர் வந்து பல வருடம் ஆகிறது. வேண்டுமென்று பொய் சொல்கிறார்கள் என்று இல்லை. எதற்கும் இருக்கட்டும் என்று கொஞ்சம் கூட்டிச் சொல்வார்கள். அவர்களுடைய மேலதிகாரி எதற்கும் இருக்கட்டும் என்று இன்னும் கொஞ்சம் கூட்டுவார். அது இவர் மேஜைக்கு வந்து சேரும்போது ஊதிப் பெருத்திருக்கும். ஆகவே அவர் ஒரு கழிவு விகிதம் வைத்திருந்தார். கணக்குப் பிரிவு சொன்னால் மூன்றில் ஒரு பங்கைத் தள்ளிவிடுவார். மருத்துவமனை சொன்னால் பாதி. அவர் வேலை பார்த்த கம்பெனியின் விற்பனைப் பிரிவில் இருந்த இளைஞன் எதையும் இரண்டால் பெருக்காமல் வாயைத் திறக்க மாட்டான். அவனுக்கு டபுள் என்றே பெயர். அவன் சொன்னால் பாதிக்கும் கீழே போவார். இப்படிக் கழித்துக் கழித்து அவர் அளவு போட்ட எந்த சர்வரும் இதுவரை திணறியதில்லை. ஆகவே தன் வழிதான் சரி என்று அவர் நம்பியதில் ஆச்சரியப்பட ஒன்றுமில்லை.

ஆனால் இந்த மாதிரிப் பழக்கம் சாயங்காலம் சட்டையைக் கழற்றி மாட்டும்போது கூடவே கழன்றுவிடுமா? வீட்டில் மனைவி, "ஆயிரம் தடவை சொல்லிட்டேன்" என்பாள். அவர் மனதுக்குள் எண்ணிப் பார்த்தால் நான்கு வரும். "தலை வெடிக்குது" என்பாள். லேசான தலைவலி என்று எடுத்துக்கொண்டு அதற்குத் தகுந்த அளவில் வருத்தப்படுவார். மகள் பத்து நிமிஷத்தில் வந்துவிடுவேன் என்று போனில் சொன்னால் மட்டும் கழிக்காமல் நான்கால் பெருக்குவார். அது தனி விகிதம்.

மனைவிக்கு ஒரு பெரிய சலவை ஆலையில் வேலை. ஊரிலுள்ள மருத்துவமனைகளின் படுக்கை விரிப்பு, தலையணை உறை, அறுவை சிகிச்சை அங்கி எல்லாம் அங்கேதான் வெளுத்து, இஸ்திரி போட்டு, தள்ளுவண்டியில் ஏற்றி அனுப்பப்படும். தளத்தின் பொறுப்பாளர் வேலையை விட்டுப் போனதிலிருந்து அந்த வேலையை இவள்தான் பார்க்கிறாள். ஆனால் தற்காலிகப் பொறுப்பாளர் என்றுதான் பெயர். வேலை முழுசு, பெயர் அரை. நிரந்தரமாக்கச் சொல்லிக் கேட்கும்போதெல்லாம் ஆலை மேலாளர் மூக்குக் கண்ணாடியைத் துடைப்பார். கடைசியில் ஒருநாள் துடைத்து முடித்துவிட்டுச் சொன்னார்: புது கம்ப்யூட்டர் ஏற்பாடு வரப் போகிறது, ஒவ்வொரு தள்ளுவண்டியையும் ஸ்கேன் செய்து கணக்கு வைக்கப் போகிறோம், முதல் நாள் ஒழுங்காக நடந்தால் பதவி உங்களுக்கு, சொதப்பினால் வெளியிலிருந்து ஆள் எடுக்க வேண்டியதுதான்.

அவள் அன்றிலிருந்து சரியாகத் தூங்கவில்லை. அந்தப் பதவி அவளுக்கு அவ்வளவு வேண்டியிருந்தது. அதை வாய்விட்டுச் சொல்லவும் செய்தாள். சர்வர் வாங்கும் வேலை அளவுக்காரரின் கம்பெனிக்கே வந்தது. அவள் நிம்மதிப் பெருமூச்சு விட்டாள். நம் வீட்டுக்காரர் பார்க்கிற வேலை, அதில் ஒரு குறை வராது என்பது அவள் எண்ணம்.

அடுப்படியில் வெங்காயம் நறுக்கிக்கொண்டிருந்தவளிடம் அவர் முறைப்படி விசாரணையைத் தொடங்கினார். முதல் கேள்விக்குப் பதில் தெளிவாக வந்தது. வண்டி வந்தால் ஸ்கேன், போனால் ஸ்கேன். சின்ன வேலை, நிறையக் கை. அவர் தலையை ஆட்டிக்கொண்டார்.

"ஒரே நேரத்துல எத்தனை பேர் ஸ்கேன் பண்ணுவாங்க?"

"இருநூத்து இருபது."

"தளத்துல மொத்தமே எத்தனை பேர்?"

"இருநூத்து இருபது."

"ரெண்டு ஷிப்டும் சேர்த்தா?"

"ஆமா. ஷிப்ட் மாறும்போது ரெண்டும் ஒண்ணாத்தாங்க நிக்கும். போறவங்க வண்டியை ஸ்கேன் பண்ணி ஒப்படைக்கணும், வர்றவங்க அவங்க கண் முன்னாடியே திரும்ப ஸ்கேன் பண்ணி வாங்கிக்கணும். அதுக்கப்புறம்தான் யாரும் வாசலைத் தாண்டலாம். விரிப்பு காணோம், நீ எடுத்தே, நான் எடுத்தேன்னு தினமும் சண்டை நடந்துட்டு இருந்துச்சே, அதுக்காக நான் கொண்டு வந்த ஒப்படைக்கிற முறைதானே இது? உங்ககிட்ட ஆயிரம் தடவை சொல்லியிருக்கேன்."

அந்தக் கடைசி வாக்கியத்தை அவள் சொல்லாமல் இருந்திருக்கலாம். அதுவரைக்கும் இருநூற்றிருபதை அரை மனதாகவாவது கேட்டுக்கொண்டிருந்த மனிதர், ஆயிரம் என்ற சொல் காதில் விழுந்ததும் வழக்கமான கழிவுக்குப் போய்விட்டார். பாவம், இரண்டு ஷிப்டையும் கூட்டிவிட்டாள், ஒரு ஷிப்டுக்கு நூற்றுப் பத்துதான் என்று முடிவு கட்டினார். அந்த நூற்றுப் பத்துப் பேரும் ஒரே நொடியில் அமுக்குவார்களா? மாட்டார்கள். தொண்ணூறு.

மறுநாள் டபுள் தன் கணக்கோடு வந்தான்.

"அண்ணே, அந்த சலவை ஆலைக்கு நானூத்து நாப்பது பேருக்குப் போட்டுடலாமா?"

"உன் வேலையைப் பாரு."

வேறு யாருக்காவது என்றால், தொண்ணூறு என்று கணக்கு வந்தாலும் நெரிசலுக்கென்று மூன்றில் ஒரு பங்கு இடத்தைக் காலியாக விட்டு அளவு போடுவது அவர் வழக்கம். இந்த முறை அந்தக் காலி இடத்தைக்கூட விட்டுவைக்கவில்லை. மனைவி வேலை செய்யும் இடத்தில் பெரிய மெஷினாகத் தள்ளிவிட்டான் என்று நாளைக்கு ஒருவர் வாயில் வந்துவிடக் கூடாது. நேர்மையில் அவருக்கு அவ்வளவு பிடிவாதம். கூட்டி எழுதிய பெரிய ரேட்டிங்கைப் பார்த்து ஏமாறவில்லை. சின்னச் சின்ன வேலைகளை வைத்து எடுத்த ரேட்டிங்கைத் தேடிப் பிடித்து, டிஸ்க்கில் வேகமாக எழுதக்கூடிய மெஷினாகப் பார்த்து, தொண்ணூறு பேருக்குக் கச்சிதமாகத் தைத்துக் கொடுத்தார். வேலையின் வகையை அவ்வளவு நுணுக்கமாகப் பார்த்தவர், கட்டிய மனைவி சொன்ன ஒரு எண்ணை மட்டும் நம்பவில்லை.

"நான் சொன்ன எண்ணிக்கைக்குத்தானே போட்டிருக்கீங்க?" என்று அவள் கேட்டாள்.

"எல்லாம் பார்த்துத்தான் போட்டிருக்கேன்" என்றார். அவர் அறிந்தவரை அது உண்மை.

அவள் போய் மேலாளரிடம், "எங்க வீட்டுக்காரர் போட்ட அளவு சார். நீங்க கண்ணை மூடிட்டு இருக்கலாம்" என்று சொல்லிவிட்டு வந்தாள்.

முதல் நாள் அவரும் டபுளும் ஆலைக்குப் போயிருந்தார்கள். காலை முழுக்க சர்வர் அறையில் மடிக்கணினியை விரித்து வைத்துக்கொண்டு அளவுக்காரர் உட்கார்ந்திருந்தார். திரையில் மெஷினின் சுமையைக் காட்டும் கோடு தரையோடு தரையாக ஓடியது. மூன்றில் ஒரு பங்கு வேலைகூட இல்லை. இதைவிடக் கொஞ்சம் சின்னதே போதுமாக இருந்திருக்குமோ என்றுகூட அவருக்குத் தோன்றியது. அந்த நேரத்தில்தான் ஷிப்ட் மணி அடித்தது.

கோடு சுவர் மாதிரி நிமிர்ந்து நின்றது. நின்றது இறங்கவில்லை. ஏதாவது ஒயர் கழன்றிருக்கும் என்று முதலில் மெஷினைச் சுற்றிப் பார்த்தார். ஒயரெல்லாம் ஒழுங்காக இருந்தது. அறையை விட்டு வெளியே வந்து தளத்தின் கதவைத் திறந்தார்.

உள்ளே நீராவியும் சோப்பு வாசனையுமாக முகத்தில் அடித்தது. தளத்தின் இந்த முனையிலிருந்து அந்த முனை வரைக்கும் இரண்டு வரிசை. ஒரு வரிசையில் வேலை முடித்தவர்கள், எதிர் வரிசையில் வேலைக்கு வந்தவர்கள், ஒவ்வொரு ஜோடிக்கும் நடுவில் ஒரு தள்ளுவண்டி, சில ஜோடிகளுக்கு ஒன்று என்று துணி மடிக்கும் மேஜைகள். எல்லோர் கையிலும் ஸ்கேனர், ஒவ்வொரு ஸ்கேனரின் குட்டித் திரையிலும் வட்டம் சுற்றிக்கொண்டிருந்தது. அவர் பேயறைந்த மாதிரி நின்றார். பிறகு தொழில்முறையில் ஓரத்திலிருந்து எண்ணத் தொடங்கினார். இருநூற்றுப் பத்தொன்பது வந்தது. ஒருவர் கழிவறைக்குப் போயிருந்ததாகப் பிறகு தெரிந்தது.

நேரம் ஆக ஆக முணுமுணுப்பு ஏறியது. வெளியே ஆட்களை ஏற்றிப் போகும் பேருந்துகள் ஹாரன் அடித்தன. இஸ்திரிப் பிரிவுப் பெண் ஒருத்தி, "அக்கா, என் புள்ளை பள்ளிக்கூட வாசல்ல நிக்கும்க்கா" என்றாள். மருத்துவமனையிலிருந்து அறுவை அங்கி எங்கே என்று போன் மேல் போன். மனைவி ஒரு ஸ்டூலை இழுத்துப் போட்டு ஏறி நின்றாள்.

"முதல் மூணு மேஜை மட்டும் ஸ்கேன் பண்ணுங்க! மத்தவங்க கையைக் கீழ இறக்குங்க! வாங்கி முடிச்ச வண்டி நேரா லாரிக்குப் போகட்டும், நிக்க வேண்டாம்!"

மூன்று மூன்று மேஜையாக அவள் தொண்டை கிழியக் கத்தி வேலையை நகர்த்தினாள். பள்ளிக்கூடத்துப் பெண்ணை முதல் ஆளாக அனுப்பினாள். எல்லோரும் போய் முடியச் சாயங்காலம் ஆகிவிட்டது. போனவர்கள் யாரும் அவளைத் திட்டவில்லை. ஒரு பார்வை பார்த்துவிட்டுப் போனார்கள். திட்டியிருந்தால் தேவலை.

ஸ்டூலிலிருந்து இறங்கியவள் அவரைப் பார்த்தாள்.

"என்னங்க ஆச்சு?"

"கொஞ்சம் நெரிசல்" என்றார்.

மேலாளர் அறையில் நான்கு பேர் உட்கார்ந்தார்கள். மேலாளர் மூக்குக் கண்ணாடியைக் கழற்றித் துடைக்க ஆரம்பித்ததும் அவள் முகம் வெளுத்துப் போனது. அந்தத் துடைப்புக்கு என்ன அர்த்தம் என்று அவளுக்குத் தெரியும்.

"எண்ணிக்கையைச் சரியாத்தானே குடுத்தீங்க?" என்று அவளைக் கேட்டார்.

"இருநூத்து இருபதுன்னு தெளிவா சொன்னேன் சார்."

டபுள் நல்ல பையன். கூட வேலை செய்கிறவருக்கு ஒன்று வந்துவிடக் கூடாது என்று பதறிக்கொண்டு மூக்கை நுழைத்தான்.

"சார், தளத்துல இருந்து வர்ற எண்ணிக்கையில சின்னச் சின்னக் குழப்பம் வர்றது சகஜம்தான். அம்மா ஏதோ ஞாபகத்துல குறைச்சுச் சொல்லியிருக்கலாம்..."

மேலாளர் தலையை மெல்ல ஆட்டினார். அளவுக்காரருக்கு நடப்பது நன்றாகப் புரிந்தது. வாயை மூடிக்கொண்டு இருந்தால் போதும், இத்தனை வருடத்துப் பெயருக்கு ஒரு கீறல் விழாது. நாளைக்கு வெளியிலிருந்து ஒரு பொறுப்பாளர் வருவார். அளவுக்காரர் மனைவியைத் திரும்பிப் பார்த்தார். அவள் டபுளை முறைக்கவில்லை, மேலாளரைக் கெஞ்சவில்லை, இவரைத்தான் பார்த்துக்கொண்டிருந்தாள். இவர் சொல்வார் என்று முழுசாக நம்பிக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். அதைப் பார்க்க அவருக்கு வெட்கமாக இருந்தது.

"குழப்பம் எதுவும் இல்ல சார்" என்றார். "அவங்க சொன்னது இருநூத்து இருபது. ரெண்டு ஷிப்டும் ஒண்ணா நிக்கும்னும் சொன்னாங்க. நான் தொண்ணூறுன்னு எடுத்துக்கிட்டேன்."

மேலாளர் துடைப்பதை நிறுத்தினார்.

"ஏன்?"

"என் மனைவிங்கறதால."

டபுள் மேற்கூரையைப் பார்த்தான்.

"வேற யாராவது சொல்லியிருந்தா?" என்று மேலாளர் மெதுவாகக் கேட்டார்.

"இவ்வளவு கழிச்சிருக்க மாட்டேன் சார்."

பெரிய மெஷினைத் தன் கம்பெனியின் செலவில் மாற்றித் தருவதாகவும், அதற்காகத் தன் மேலதிகாரியிடம் தானே போய் நிற்பதாகவும் அவர் சொன்னார். மேலாளர் கண்ணாடியை மாட்டிக்கொண்டு மனைவியிடம், "அது வர்ற வரைக்கும் இன்னிக்கு மாதிரியே மூணு மூணு மேஜையா ஓட்டுங்க. ஸ்டூல் மேல ஏறி நின்னதைப் பார்த்தேன். பதவி உங்களுக்குத்தான்" என்றார். அவள் நன்றி சார் என்றாள். எத்தனையோ நாளாகக் காத்திருந்த செய்தியைக் கேட்டவள் மாதிரி அவள் முகம் இல்லை.

திரும்பிப் போகும் பேருந்தில் அவள் ஜன்னல் ஓரம் உட்கார்ந்தாள். பேருந்து இரண்டு நிறுத்தங்களைத் தாண்டியது. பிறகு, "தொண்ணூறா?" என்றாள்.

"ம்."

"இது மட்டுமா, இல்ல எப்பவுமே நான் சொல்றதை இப்படித்தான் கேப்பீங்களா?"

அன்று ஒரு தடவை உண்மை பேசிவிட்டதில் அவருக்கு நிறுத்தத் தெரியவில்லை.

"பொதுவா நாப்பது சதவீதம் கழிப்பேன். நீ கோபமா இருந்தா அறுபது."

"உடம்பு முடியலைன்னு சொன்னா?"

"முப்பது."

"அது மட்டும் ஏன் குறைச்சல்?"

"நிஜமாவே முடியலைன்னா என்ன பண்றது? ரிஸ்க் எடுக்க முடியாதே."

அவள் அதற்குச் சிரிப்பாள் என்று எதிர்பார்த்தார். சிரிக்கவில்லை. அவர் பக்கம் முழுதாகத் திரும்பி உட்கார்ந்தாள்.

"கல்யாணத்துக்கு முன்னாடி ஒருநாள், உங்களை எனக்கு ரொம்பப் பிடிச்சிருக்குன்னு சொன்னேனே. அதுல எவ்வளவு கழிச்சீங்க?"

அவர் முன்சீட்டின் முதுகைப் பார்த்துக்கொண்டிருந்தார். கொஞ்சம் குறைத்துச் சொல்லலாமா என்று யோசித்தார். மனம் வரவில்லை.

"பாதி."

"பாதியை வச்சுக்கிட்டா இத்தனை வருஷம் ஓட்டினீங்க?"

"அதுவே தாராளமா இருந்துச்சு" என்றார்.

அவள் மறுபடி ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டாள். பேருந்து ஒரு நிறுத்தத்தில் நின்று ஆட்களை இறக்கி ஏற்றிக்கொண்டு கிளம்பியது. வெளியே பார்த்தபடியே அவள் சொன்னாள்:

"அன்னிக்கு நான் கூட்டிச் சொல்லலைங்க."

பழக்கதோஷத்தில் அவர் மனது கழிக்கப் போனது. அவர் விடவில்லை. அவள் சொன்னதை அவள் சொன்ன அளவிலேயே வாங்கிக்கொண்டார். அன்றைக்குச் சொன்னதன் மீதிப் பாதியும் சேர்ந்தே வந்தது. இத்தனை வருடமும் அது அந்த வீட்டிலேயேதான் இருந்திருக்கிறது. அவருக்குக் கண் கலங்கிவிட்டது. மறைத்துக்கொள்ள வேண்டும் என்றுகூடத் தோன்றவில்லை.